விரற்கடை மிஸ்திரி அளவெடுத்த ஆபீஸ்

அறுபதுகளில் பம்பாயில் முதுகொடிய உழைத்த அத்தனை குமாஸ்தாக்களிலும் நான்தான் பெரிய பாக்கியசாலி. கடவுளுக்கு அடுத்தபடியாக என் முதுகை முழுசாக அறிந்த ஒரு மனிதரைச் சந்தித்திருக்கிறேன். அவர் டாக்டர் இல்லை. தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலித் தச்சர். விரற்கடை மிஸ்திரி என்று சொன்னால், ரயிலடியிலிருந்தே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

அப்போது நான் மாதுங்காவில் மெஸ் சாப்பாடு, கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை என்று இருந்தேன். காலையில் நான் அடிக்கும் கடிதங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அடித்தவற்றைக் கண்கொண்டு பார்க்க முடியாது. கல்கத்தாவுக்குப் போகவேண்டிய தையல் மெஷின்கள் கொச்சியில் போய் இறங்கின. மானேஜர் இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். அவரும் மாதுங்காவாசிதான். அதனால் சலுகை ஒன்றும் கிடையாது. என் மெஸ்ஸில் அன்றைக்கு என்ன சாம்பார் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"மூக்கு முட்டச் சாப்ட்டுட்டு இங்க வந்து தூங்கறீர் ஓய். இன்னும் ஒரு லெட்டர் தப்பாப் போச்சோ, மூணாவது மெமோதான். அதோட நீர் ஊருக்கு வண்டி ஏறலாம்."

ஊரில் என்னை நம்பி நாலு பேர் இருந்தார்கள். நான் வெறும் மோர் சாதத்துக்கு மாறினேன். பிழைகள் மாறவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆபீசைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. ஜன்னலை அடைத்து மானேஜருக்கு ஒரு கேபின் கட்ட வேண்டும், மொத்தத் திட்டமே அதுதான். மிஸ்திரியை அமர்த்திவிட்டு மானேஜர் மூன்று வாரம் டூர் கிளம்பினார்.

திங்கட்கிழமை மிஸ்திரி வந்தார். உளியைத் தொடவில்லை. நேரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மிஸ்திரி, நான் டைப் அடிக்கணும்."

"நின்னுக்கிட்டே அடிங்க சார்வாள். இன்னைக்குப் பூரா நான் இங்கனதான் இருப்பேன்."

"எதுக்கு?"

"உக்காந்து பாக்காம சீட்டப் பத்தி என்ன தெரியும்?"

சாயங்காலம் எழுந்து, என் தோளிலிருந்து முழங்கைவரை, முழங்காலிலிருந்து தரைவரை விரல்களை அடுக்கி அடுக்கி எண்ணினார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "டேப் கொண்டுவரலியா?" என்று கேட்டேன்.

"டேப்பு ஊருக்கெல்லாம் ஒண்ணுதான். முதுகு ஆளுக்கொண்ணுல்லா?"

நாங்கள் ஆறு பேர். ஆறு நாள், ஆறு நாற்காலி. அந்த வாரம் ஆபீசில் தினம் ஒரு குமாஸ்தா நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த திங்களன்று போனால் என் மேஜையின் நாலு காலையும் அறுத்திருக்கிறார். கம்பெனிச் சொத்து! இதற்குத் தனி மெமோவா, இல்லை மூன்றாவதோடு சேர்த்தா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மிஸ்திரி சாவதானமாகச் சொன்னார்:

"நாலு வெரக்கடை ஒசரம் கூடிப்போச்சு. தோளத் தூக்கிக்கிட்டே அடிச்சா கை என்னத்துக்கு ஆவும்? பொறவு, மூணு மணிக்கு எதுத்த குடோன் தகரத்துல வெயிலு பட்டு நேரா உங்க காயிதத்துல வந்து அடிக்கு. எனக்கே கண்ணு பூத்துப்போச்சு. நீங்க தூங்கல சார்வாள். உங்களுக்குக் கண்ணு தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக எனக்கே தெரியாத ஒன்றை அவர் ஒரே நாளில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் மாயம். புது மரம் ஒரு துண்டு வாங்கவில்லை. "நல்லாருக்க மரத்தக் கொன்னுதான் மேச செய்யணுமாக்கும்?" என்று சொல்லி, துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளையும் எங்கள் உடைந்த அலமாரிகளையும் இழைத்து, ஆணியே இல்லாமல் ஆளுக்கொரு நாற்காலி செய்தார். ஜன்னலுக்குச் சாய்வுப் பலகைகள் வைத்தார். கயிற்றை இழுத்தால் வெயில் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். எல்லா மேஜைக்கும் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, எழுதும் கையின் நிழல் தாளில் படாமல். எங்கள் அறுவரில் ஒருவரான தேஷ்பாண்டே மேஜைக்கு மட்டும் வலப்பக்கம். அவர் இடதுகைக்காரர் என்பதை வருஷக்கணக்கில் பக்கத்தில் இருந்த நாங்கள் ஒருவரும் கவனித்ததில்லை. தேஷ்பாண்டே மேஜையைத் தடவித் தடவி "கமால் ஹை, கமால் ஹை" என்று அதிசயப்பட்டார். அன்று முழுக்க வேறு வார்த்தை பேசவில்லை.

மானேஜர் திரும்பி வந்தார். கேபின் சுவர் இடுப்புயரம்தான் இருந்தது. காற்றும் வெளிச்சமும் அவர் தலைக்கு மேலே தாண்டி எங்களுக்கு வந்துகொண்டிருந்தன.

"இது கேபினா, மாட்டுத் தொட்டியா? மேஜைக் கால அறுத்தது யாரு?"

நான் எழுந்தேன். "நான்தான் அறுக்கச் சொன்னேன் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

மிஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, காலறுக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு பழைய மேஜையை என் இடத்துக்கு இழுத்துப் போட்டார்.

"மானேஜர்வாள், இதுல உக்காந்துக்கிட்டு திட்டுங்க. கையெழுத்துப் போட வேண்டியதையும் போட்டுக்கிடலாம்."

மானேஜர் விறைப்பாக உட்கார்ந்து கடிதக் கட்டை இழுத்தார். மணி மூன்று. மிஸ்திரி கயிற்றைத் தளர்த்தி ஜன்னல் பலகைகளைத் திறந்துவிட்டார். முதல் கடிதத்துக்குக் கண்ணைச் சுருக்கினார் மானேஜர். இரண்டாவதுக்குக் கையைக் குடையாக்கினார். நாலாவது கடிதத்தில் அவர் கையெழுத்து, விலாசத்தின் மேலே கம்பீரமாக ஏறி உட்கார்ந்தது.

மிஸ்திரி பலகைகளை மூடினார். மானேஜர் அந்தக் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, மிஸ்திரிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"எனக்கு எத்தனை விரற்கடைன்னு பாரும்."

மூன்றாவது மெமோ வரவேயில்லை. மானேஜருக்கு வந்த நாற்காலியின் பின்பலகையில் மட்டும், 'உடையும் பொருள், ஜாக்கிரதையாகக் கையாளவும்' என்று ஆங்கிலத்தில் பழைய பெட்டி எழுத்து அப்படியே இருந்தது. மிஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஆபீசுக்கு இரும்பு நாற்காலிகள் வந்தபோது, என்னுடையதைக் கேட்டு வாங்கி, லோக்கல் ரயிலில் நாலு பாஷையில் வசவு வாங்கிக்கொண்டு டோம்பிவிலி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கே யாருக்கும் அது ஒத்துவரவில்லை. மனைவிக்குக் கால் எட்டாது, பையனுக்கு முதுகு இடிக்கும். "இதுல எப்படித்தான் உக்கார்றேளோ" என்கிறாள். நான் சாய்ந்துகொண்டால் அரைமணியில் தூங்கிவிடுகிறேன். அந்த மனிதருக்கு என் முதுகு மனப்பாடம். நான் பாவி, அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.