ஆகாயத்தில் ஒரு கதலிக்குலை

நீர்வேலிக்காரர் எவரும் வெறுங்கையோடு இன்னொருவர் வீட்டுப் படி ஏறமாட்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் அது தரையில் போகிறவர்களுக்கான பழக்கம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு, வெள்ளைக்காரரின் விமானப்படையில் இருந்த என் மகன் சிவராசா இரண்டு சிநேகிதர்களோடு லீவில் வந்தான். மூவரும் விமானமோட்டிகள். சாப்பிட்டு முடித்தால் கதையெல்லாம் விமானமோட்டி இருக்கும் அந்தப் பொந்தைப் பற்றித்தான். முழங்கால் நாடியில் இடிக்குமாம். தும்மினால் ஏதாவதொரு விசை அமுங்குமாம். என் மனைவி கண்ணைத் துடைத்தாள். நானோ, யாழ்ப்பாணத்து பஸ்ஸில் போய்ப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு நெருக்கமா என்று சொல்லித் தொலைத்தேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

"அப்ப வாங்கோவன் ஐயா," என்றான் மகன். பயிற்சி விமானம் ஒன்றைத் திருகோணமலைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அங்கிருந்த அவனுடைய பெரிய துரை என்னை ஏற்றிவர அனுமதியும் தந்துவிட்டார்.

அனுமதி தந்த மனுசனை வெறுங்கையோடு பார்ப்பதா? பலாலியில் மகன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், சால்வைக்குள் மூடிய கதலிக்குலையோடு முன் இருக்கையில் ஏறிக் குந்திவிட்டேன். அவன் பின் இருக்கையில். பேசுவதற்கு ஒரு குழாய். இரண்டு பேருக்கும் கால்களுக்கு நடுவே ஒவ்வொரு கோல். அவன் தன் கோலை இழுத்தால் என் கோலும் சேர்ந்து வரும். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. (எல்லாம் தெரிந்தவன் ஏன் கேட்கிறான்?)

திருகோணமலைக் கடல் தெரிந்தபோது, அதுவரை நெஞ்சோடு அணைத்திருந்த கை சோர்ந்து குலையை மடியில் இறக்கினேன். உடனே அந்தக் கோல் வந்து பழத்தில் இடித்தது. கதலி நசுங்கிவிடுமே என்று கோலை அப்பால் தள்ளினேன். விமானம் மூக்கைக் கீழே சாய்த்தது. கோல் திரும்பவும் வந்தது. நானும் விடவில்லை. கடல் கிட்டக் கிட்ட வர, நன்றாகத்தான் இறக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயில் மகனின் குரல் கேட்டது. "ஐயா, மடியிலை என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஐயா."

"துரைக்கு ஒரு சின்னக் குலை."

"உந்தக் குலையைக் கடலுக்கை எறியுங்கோ. இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் கடலுக்கைதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெற்ற பிள்ளையை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் தோட்டத்துக் குலையை எறிய மனம் ஏவவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கோல் விடுபட்டது. விமானம் நிமிர்ந்தது. மேல்மூடி இல்லாத விமானம், காற்று பழங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பின்னுக்கு எறிந்தது. பின்னுக்கு இருந்தவன் என் பிள்ளை.

இறங்கியபோது என்னிடம் வெறும் தண்டுதான் மிஞ்சியிருந்தது. துரை கை கொடுக்க வந்தார். வெறுங்கையை நீட்டக்கூடாதே என்று தண்டை நீட்டினேன்.

இன்றும் மேலே விமானம் இரைந்தால் நான் திண்ணையை விட்டு உள்ளே போய்விடுகிறேன். மகனின் சிநேகிதர்கள் கூடிப் பழைய பறப்புகளைக் கதைக்கத் தொடங்கினால் நான் வாயே திறப்பதில்லை. பயனில்லை. மனைவி தட்டில் பழம் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். மகன் எழுந்துபோய், பறக்கும்போது போடும் அந்தப் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து இருப்பான்.