பனிக்கண் கம்பெனியை வத்தளைக்குக் கொண்டுபோகும்படி வேண்டுதல்

மேல்பிரிவு,
கொட்டகலை.
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் வீரய்யா அவர்களின் சமூகத்துக்கு,

கொட்டகலையிலிருந்து உங்கள் தங்கை மீனம்மாவின் புருஷன் சோலைமலை கைகூப்பி எழுதிக்கொள்வது. இந்த மடல் வந்து சேரும்போது உங்கள் முழங்கால் வலி குணம் கண்டிருக்க வேண்டுமென்று, தேயிலைப் பெக்டரிக்குக் காவல் நிற்கும் ரோதைமுனி சாமியை வேண்டுகிறேன். இங்கே மழை. மற்றபடி சுகம் என்று எழுத மனம் வரவில்லை, ஆகையால் எழுதவில்லை.

விசயம் என்னவென்றால், வத்தளையில் உங்கள் ஹார்ட்வெயார் ஸ்டோர் பூட்டிக் கிடப்பதாகவும், என் மகள் ஜெயந்தினியின் பனிக்கண் கேமரா கம்பெனியை அங்கே கொண்டுவந்துவிடலாம் என்றும் பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். அப்பாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். தயவுசெய்து கொண்டுபோங்கள். பெட்டி, பெஞ்சு, வயர், வேலைக்கு வருகிற பிள்ளைகள், அவள் புருஷன் துஷாந்த், எல்லாவற்றையும் லொறியில் ஏற்றுங்கள். ஜெயந்தினியையும்தான். அவளிடம் நீங்கள் சொன்னால் கேட்பாள், தாய்மாமன் சொல்லைத் தட்டமாட்டாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. ஜெயந்தினி ஹட்டனில் கேமரா பூட்டுகிற கடையில் வேலைக்கு இருந்தாளா, அப்போது நம்ம சந்தியில் மத்தியாஸ் கடையில் ஒரு சாவல்கோழி களவு போனது. கேமராவைப் போட்டுப் பார்த்தால் பனி மூடி எல்லாம் அரிசிமாவைக் கரைத்து ஊற்றிய மாதிரி வெள்ளை. களவாணியும் தெரியவில்லை, சாவலும் தெரியவில்லை. மத்தியாஸ் கடை வாசலில் நின்று கத்தின கத்தில், பனிக்குள்ளேயும் பார்க்கிற கேமராவை நானே செய்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் ஒரு கேமராவைப் பிரித்துப் போட்டாள். அன்றைக்குப் போன மேசை, மச்சான், இன்னும் என் கைக்கு வரவில்லை. மேசைக்குப் பிறகு வீட்டு முன் காம்பரா போச்சு. அதுக்குப் பிறகு மாட்டுப்பட்டி போச்சு, மாட்டை விக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் தோட்டத்துல பூட்டிக் கெடந்த, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவ எழுதிக் கேட்டு வாங்கிட்டாங்க, ஒரு காலத்துல தொட்டில் கட்டுன கம்பியில இப்ப வயரு தொங்குது. மத்தியாஸ் கடைக்கு ஒண்ணு, சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணி கடைக்காரங்களுக்குக் கொஞ்சம், அப்புறம் கொழும்பு, இப்ப கப்பல்ல ஏறி நோர்வேக்குப் போகுது. அங்கயும் நம்மள மாதிரிப் பனியாம், மீன் புடிக்கிற துறைமுகத்துல பூட்டுறாங்களாம். நல்லது, வளரட்டும், நான் என்ன வேணாம்னா சொன்னேன்? ஆனா வளர்ற கம்பெனி என் தலைமேலதானா வளரணும்?

என் வேட்டிக் கதையக் கேளுங்க. கேமராவுக்கு வெள்ளைன்னா என்னான்னு மொதல்ல காட்டணுமாம், அப்பத்தான் மத்த நெறமெல்லாம் சரியா வருமாம். அதுக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு அட்டை வாங்குவாங்களாம். அது வந்து சேர லேட்டுன்னு, கோயிலுக்குன்னு நான் மடிச்சு வச்சிருந்த வேட்டிய எடுத்துக் கொடியில தொங்கப்போட்டு ஒவ்வொரு கேமராவுக்கும் காட்டிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லிருப்பேன். அது திருவிழாவுல மஞ்சத்தண்ணி ஊத்துன வேட்டி. தொவச்சாச்சு, கண்ணுக்கு வெள்ளதான், ஆனா மஞ்ச முழுசாப் போகல. மஞ்சள வெள்ளைன்னு நம்பிக்கிட்டுப் போன கேமரா அங்க போயி வெள்ளைய நீலமாக் காட்டிருக்கு. நோர்வேக்காரங்க எல்லாரும் கிருஷ்ணர் நெறம். படம் புடிச்சு அனுப்பி, இது என்னா கோளாறுன்னு கேட்டிருக்காங்க. இங்க துஷாந்த் என்னையப் பாத்து, "மாமா, வேட்டிய ஏன் ஒழுங்காத் தொவைக்கல"ங்கிறான்! அடப்பாவி, நீ ஏன்டா என் வேட்டிய எடுத்த? அந்த வருசத் திருவிழாவுக்கு நான் வேட்டி இல்லாமக் கட்டம் போட்ட சாரத்தோட போனேன் மச்சான், ஊரே பாத்துச்சு.

அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்கு. அதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

மொத கேமரா செஞ்சு முடிச்ச அன்னைக்கு மீனம்மா மலையிலருந்து கொழுந்துக் கூடையோட அப்பத்தான் வந்தா. டெஸ்ட் பண்ணப் போறோம், முன்னால வந்து நில்லுங்கம்மான்னு புள்ளைங்க கூப்புட்டுச்சுங்க. அவளப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. பெருகணும்னு பொலி சொல்லாம ஒரு காரியத்தத் தொடங்குனா வெளங்குமான்னு ஏசிப்புட்டு, தேயிலைச் செடி முன்னால நின்னு, மொத கொழுந்து ஒடிக்கிறப்ப சொல்லுற மாதிரியே, "பொலியோ பொலி"ன்னு ஒரு கூப்பாடு போட்டா. ஒருத்தங்க அப்படிக் கூப்புட்டா சுத்தி நிக்கிறவங்க "பொலி"ன்னு திருப்பிச் சொல்லணுமே, நாங்க எல்லாரும் சொன்னோம். அந்தப் படம்தான் அன்னையிலருந்து எல்லாக் கேமராவுக்கும் டெஸ்ட் படம். கேமராவோட சேந்த படப்பெட்டிக்குள்ள அத ஏத்தி, போட்டுப் பாத்து, சத்தமும் படமும் சரின்னா பொட்டலம் கட்டணும். கட்ட முன்னால அழிக்கணும்னு துஷாந்த் சட்டம் போட்டான். ஒரு புள்ளையும் அழிக்கல. பொலிய அழிக்கிறதான்னு மீனம்மாவோட கொழுந்தெடுத்த காளியாயி மக பிரியந்தி கையெடுத்துக் கும்புட்டுட்டா. நோர்வேக்காரங்க சுவிச்சப் போட்டதும் கூடைக்காரி ஒருத்தி கத்துறா. இந்த அம்மா யாரு, என்னா சொல்றாங்கன்னு கடிதாசி வந்துச்சு. துஷாந்த் வெக்கப்பட்டுக்கிட்டு, பரிசோதனைன்னு பதில் போட்டுட்டு, அடுத்த தடவ அவனே உக்காந்து எல்லாத்தையும் அழிச்சு அனுப்புனான். பெட்டி அப்படியே திரும்பி வந்துருச்சு. இதுல அந்த அம்மா இல்ல, பரிசோதனை பண்ணாத சாமானான்னு கேட்டு! சிரிக்காதீங்க மச்சான். நானும் அன்னைக்குச் சிரிச்சேன், மீனம்மா என்னையவிடச் சிரிச்சா. போன வருசம் மாசியில அவ போயிட்டா.

இப்ப டெஸ்ட் பெஞ்சு எங்க இருக்குன்னு நெனைக்கிறீங்க? என் வாசல்ல. பள்ளத்துலருந்து பனி நேரா அங்கதான் ஏறுதாம். காலையில நான் பிளேன்டி டம்ளரக் கையில எடுத்தா, "பொலியோ பொலி"ங்கிறா. பிரியந்தியும் மத்த புள்ளைங்களும் தலையக்கூடத் தூக்காம "பொலி"ங்குதுங்க. நான் கண்ணத் தொடச்சு முடிக்க முன்னால அடுத்த பெட்டி. கோழிக்குத் தீனி போட்டா கூப்புடுறா, குளிக்கப் போனா கூப்புடுறா. ஒரு மனுசன் செத்த பொஞ்சாதிக்காக நிம்மதியா ஒரு மூலையில உக்காந்து அழுவ வேணாமா? தெனம் இத்தன தடவ அவ செத்துச் செத்து வந்தா நான் என்னா பண்ணுவேன்? ஜெயந்தினிகிட்ட நிப்பாட்டுன்னு சொல்ல வாய் வரல, அந்தப் புள்ளைக்கு அவ அம்மாவாச்சே. கடைசி நாளு மீனம்மா உங்களுக்குப் போன் பண்ணப்ப, நீங்க பஸ்ஸுக்குள்ள இருந்து மணிச்சத்தம் கேக்காம எடுக்காமப் போனத இன்னைக்கும் சொல்லிச் சொல்லி அழுவுறீங்க. உங்களுக்குத்தான் என் நெலம புரியும்.

ஆகையினால் ஸ்டோரைக் கூட்டித் துப்புரவு செய்து வையுங்கள். சித்திரைக்கு முன்னால் எல்லோரும் வந்துவிடட்டும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், எனக்குச் சத்தமில்லாமல் இருந்தால் போதும். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மாரியம்மன் துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
சோலைமலை

பி.கு: மேல எழுதுனது வெள்ளிக்கிழமை. தபால்ல போட முன்னால ஜெயந்தினிகிட்ட சொல்லிறணும்னு சொன்னேன். அவ பெஞ்சத் தூக்கி புள்ளக்காம்பராவுக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டா. நான் கேட்ட மாதிரியே ஒரு சத்தமும் இல்ல. டீ குடிச்சேன், யாரும் கூப்புடல. கோழிக்குத் தீனி போட்டேன், யாரும் கூப்புடல. மச்சான், அவ அன்னைக்குத்தான் செத்தா. இன்னைக்குக் காலையில என்னால முடியல, உள்ள போயி ஒரு பெட்டிய எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல வச்சுப் போட்டேன். "பொலியோ பொலி"ன்னா. பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல. கூப்புட்டவள அப்படியே விட முடியுமா, நானே "பொலி"ன்னேன். உடனே மேல்மலையில, பனிக்குள்ள ஆளே தெரியல, காளியாயி கொரலு "பொலி"ன்னுச்சு, அவளுக்குப் பின்னால கொழுந்தெடுக்கிற அத்தன பேரும் "பொலி"ன்னாங்க. மலையே சொல்லுச்சு. ஜெயந்தினி கதவுக்குப் பின்னால நின்னு அழுதுக்கிட்டே, "பெஞ்ச வெளிய எடுக்கவாப்பா"ன்னு கேட்டா. எடும்மான்னு சொல்லிட்டேன். வத்தளையில கூப்புட்டா யாரு பதில் சொல்லுவா? ஸ்டோர வேற யாருக்காவது குடுத்துருங்க. கம்பெனிக்கு எடம் பத்தலன்னா என் படுக்க காம்பராவ எடுத்துக்கிறட்டும், நான் அடுப்படியில படுத்துக்குவேன். இந்தக் கடிதாசியோட ஒரு பெட்டியும் அனுப்புறேன். அழிக்காத பெட்டி. அக்கம்பக்கத்துல யாரும் இல்லாத நேரமாப் பாத்து சுவிச்சப் போடுங்க. உங்க தங்கச்சி கூப்புடுவா. இந்தத் தடவயாவது பதில் சொல்லுங்க மச்சான்.