தொடாவிட்டால் பாடும் கம்ப்யூட்டர்

பொத்தான்களின் மேல் 'தானா' அண்ணனுக்கு இருந்த வெறுப்பு, இந்த உலகத்தில் வேறு எந்த மனுஷனுக்கும் வேறு எதன் மேலும் இருந்திருக்காது. எதுவும் தானா நடக்கணும் என்பார்; அதனால்தான் அந்தப் பெயர். சட்டையில்கூடப் பொத்தான் பிடிக்காமல் பனியன் மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு வருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில், பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துக் கொடுக்கிற டி.டி.பி. சென்டரில் அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். நான் பேப்பர் வெட்டுகிற ஆள். ஒன்பதாவதோடு படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டால் வெடிக்கும் என்று ஒரு பயம். தொடாவிட்டாலும் வெடிக்கலாம் என்று இன்னொரு பயம்.

மூலையில் இருந்த பெரிய மிஷினில் தானா கணக்கில்லாமல் பாட்டுகளை ஏற்றி, அவற்றைக் கடை முழுக்க வொயர் வழியாக அனுப்ப ஒரு சாஃப்ட்வேரும் போட்டிருந்தார். அது திரையில் முகமே காட்டாது. கரண்ட் வந்தால் மிஷின் முழித்துக்கொள்ளும், கூடவே அதுவும் முழித்துக்கொண்டு பாடும்.

"மனுஷன் சொன்னாத்தான் செய்யும்னா அது இன்னா கம்ப்யூட்டரு நைனா? அம்மிக்கல்லு" என்பார்.

ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. கருமாதி பத்திரிகை அடிக்க வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் குத்துப்பாட்டு முழங்கியது. முதலாளி மயிலாப்பூர்க்காரர், கோபத்திலும் குரல் ஏறாது. "இன்னொரு தடவை வேண்டாத நேரத்துல பாடித்துன்னா, நீ உங்காத்துலயே உக்காந்துண்டு கேட்டுக்கோ" என்றார்.

தானாவுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அந்த சாஃப்ட்வேரை எடுத்துவிடுங்கண்ணே என்று கெஞ்சினேன். எடுக்காமல், ஒரு விதியைச் சேர்த்தார். கடையில் எந்த மௌஸ் அசைந்தாலும் பாட்டு கப்சிப். அரை மணி நேரம் எதுவும் அசையாவிட்டால் ஆளில்லை என்று அர்த்தம், பாடலாம். ரொம்ப நாள் பிரச்சினை இல்லை.

ஆளிருந்தும் மௌஸை யாரும் தொடாத நாள் வருஷத்தில் ஒன்று உண்டு என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. ஆயுத பூஜை.

லட்சணமாக இருக்கட்டும் என்று முதலாளி எல்லாத் திரைகளையும் எரியவிட்டிருந்தார். மௌஸுக்கு மௌஸ் சந்தனப் பொட்டு. மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடினோம். அதே குத்துப்பாட்டு கிளம்பியது.

நிறுத்த வழியில்லை. தொட்டால் சரஸ்வதி போய்விடுவாள். மெயின் ஸ்விட்சுக்கும் பொட்டு. முதலாளி கற்பூரத் தட்டும் கையுமாகத் தானாவையே பார்த்தார். தானா வேர்த்துப்போய் நின்றார்.

ஒன்பதாவதோடு நின்றவனிடமிருந்து சரஸ்வதி பறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு விரலால் மௌஸைத் தள்ளினேன். வெடிக்கவில்லை. பாட்டு நின்றது.

"யார் தொட்டது?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார்" என்றார் தானா. ஒரு வேலையை மனுஷக் கை செய்தது என்று அவர் ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

முதலாளி என் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு தானாவைப் பார்த்தார்.

"நாளைக்கு வந்து மொதல் வேலையா அந்தப் பாட்டை அழி" என்று சொல்லிவிட்டுச் சுண்டலை நீட்டினார். 'நாளைக்கு வந்து' என்றதில்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாடியை விட்டு இறங்கினோம். தானா அண்ணன் பனகல் பார்க் வரைக்கும் கூட வந்தார். ரோட்டில் நடக்க நான் நடுங்குவேன் என்று அவருக்குத் தெரியும். என்னை ஓரமாக விட்டு, பஸ் வருகிற பக்கமாகவே அவர் நடந்தார்.