மாமாவின் சோகக் கேசட்டுக்கு மறுபாட்டு

மரியாதைக்குரிய பாண்டித்துரை மாமாவுக்கு,

துபாய் சத்வாவிலிருந்து மருமகன் ஐயப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, ஏசி மூவரும் நலம். ருவைஸ் பாலைவனத்தில் தங்கள் தாடியின் நலமறிய ஆவல். போனை நீங்கள் எடுக்காததால், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த உங்கள் ரூம் ராமையா அண்ணனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கல்யாணம் தொங்குகிறது மாமா. லீவில் ஊருக்குப் போனவரிடம், உங்களுக்கு நிச்சயமான ஜோதிமணி அத்தைக்குக் கோடாலித் தைலம், பால்பவுடரோடு நீங்கள் பாடிய கேசட்டையும் அனுப்பினீர்களே, வளைகுடாப் பார்சலை எந்த வீட்டில் தனியாகப் பிரிப்பார்கள்? தெருவே கூடிக் கேட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ‘ஏமாத்திட்டுப் போயிட்டாளே’ என்று ஒரே ஒப்பாரி! அத்தையின் அப்பா உமாபதி ஐயா உடனே அம்மாவுக்குப் போன்: “ஏம்மா, ஒங்க தம்பிக்கு அங்கிட்டு ஏதும் பொண்ணு வெவகாரமா? தெளிவாகுற வரைக்கும் பத்திரிகை அடிக்க வேணாம்.” அம்மா, “ஐயா, அது ஃபேஷனுங்க, இப்ப எல்லாப் பயலும் அப்படித்தான் அழுவுறான்” என்றால் நம்பணுமே!

அதனால் போன தடவை ராமையா அண்ணன் வந்தபோது, அவர் வாளியில் தாளம் தட்ட, குளியலறையில் நானே ஒரு தெம்மாங்கு பாடிக் கேசட்டில் பதிந்து அத்தைக்கு அனுப்பினேன்:

தாடிக்குள்ள சோகமின்னான் தன்னானே – அத
மழிச்சுப் பாத்தா மோவாய்தான் தன்னானே
காதலியே இல்லாதவன் தன்னானே – அவ
கைவிட்டான்னு அழுகுறானே தன்னானே!

அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். அவங்க அப்பா செத்தப்போகூட லீவு கிடைக்காத மனுஷன். “நீங்க ஏண்ணே சோகப் பாட்டே பாடுறதில்ல?” என்று கேட்டுட்டேன். “இருக்கிறத எதுக்குடா பாடிக்கிட்டு? இல்லாததத்தான பாடணும்” என்றார். வாளியைத் திருப்பி வச்சுட்டுப் போயிட்டார். அப்புறம்தான் உறைத்தது: அத்தை கிடைக்கப் போற சந்தோஷத்துல இருக்கிற உங்களுக்குச் சோகம்தானே பஞ்சம்! உங்களைக் கேலி பண்ண அதுக்கு மேல மனசு வரலை.

அந்தக் கேசட்டில் பித்தலாட்டம் ஏதும் கிடையாது. பாடியது மருமகன்தான் என்று அத்தையிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

அம்மாவின் ஆசியும் அப்பாவின் பெருமூச்சும் இத்துடன் வருகின்றன.

தாடியில்லா மருமகன்,
ஐயப்பன்

பி.கு: இப்பத்தான் அத்தை போன் பண்ணாங்க. “தம்பி, தன்னையே இப்படிக் கிண்டல் பண்ணிக்கிறாரே ஒங்க மாமா! அப்பா சிரிச்சு சிரிச்சுப் பத்திரிகை அடிக்கவே குடுத்துட்டார். குரல்தான் கீச்சுனு இருக்கு?” “ருவைஸ் வெயில் அத்தை” என்றேன். கல்யாண மேடையில் அதே பாட்டை நீங்களே பாடணுமாம். இப்போ உங்களுக்கு நிஜமாவே சோகம் வந்திருக்கும். ராமையா அண்ணன் சொன்னதை மறக்காதீங்க: இருக்கிறதைப் பாடிராதீங்க.