நான் படிக்காமல் சம்மதித்த பதினொரு பக்கம்

எங்கள் வீட்டில் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்குவது லேசான காரியம் இல்லை. மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கடிதமாக இருந்தாலும், போன் சிம்முக்கான படிவமாக இருந்தாலும், மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். போன மாதம் பாங்கில் ஒரு படிவத்தோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைச் சபித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அசராமல் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். (பாங்குக்கு என்னோடு வருவதென்றால் பிளாஸ்க் எடுத்துக்கொண்டுதான் வருவார்.)

எல்லாம் ஒரேயொரு பெட்டிக்குள் நான் போட்ட ஒரு சரி அடையாளத்தால் வந்த வினை. இருபது வருஷம் ஆகப் போகிறது. இன்னும் நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருந்தோம். வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாருக்கும் டீச்சர் பிடித்தது, லயம் பிடிக்கவில்லை. "புள்ள நல்ல புள்ளதாங்க, ஆனா வீடு..." என்று இழுப்பார்கள். இழுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள்தான். வயிறு எரியுமா எரியாதா?

அந்த நேரம் பார்த்து ஹட்டனில், போன் பேசவும் போட்டோ கொப்பி எடுக்கவும் போகிற ஒரு கொமினிகேஷன் கடையில் இன்டர்நெட் வந்தது. கடைக்காரர் நிமல் அய்யா, சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். கண்ணாடிக் கதவில் ஒரு கல்யாணக் கம்பெனியின் அறிவிப்பை ஒட்டியிருந்தார். பதிவு முற்றிலும் இலவசம் என்று போட்டிருந்தது. தரகர் கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கேட்காது என்று நம்பினேன். (டீச்சராம்! பிள்ளைகளுக்கு அறிவு சொல்லிக் கொடுத்தேனாம்!) வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், பாடத்திட்டம் போட்டோ கொப்பி எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

கம்ப்யூட்டர் கேட்ட நாலாவது கேள்வியே சொந்த வீடா என்பதுதான். நான் வெறுமனே விட்டேன். அது அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது.

"ஆமான்னு போடுங்க டீச்சர்," என்றார் நிமல் அய்யா. "கம்ப்யூட்டர் வந்து பாக்கவா போகுது?"

போட்டேன். பிறகு படம். ஸ்டூடியோவில் பிஸ்கட் டின் நிறைய கவரிங் நகை வைத்திருப்பார்கள். கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு எடுத்த படம். கழுத்தில் மூன்று அட்டியல், தலையில் நெற்றிச்சுட்டி. பரத நாட்டியத்துக்குக் கிளம்பி வழி தெரியாமல் போனவள் மாதிரி இருந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்னாங்க அய்யா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர், சம்மதம்னு அமத்துறது. எல்லாரும் அதை அமத்துறதுதான்."

அமத்தினேன். ஆறு மாதம் ஒரு பதிலும் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

அப்புறம் தரகர் வழியாகவே ஒரு சம்பந்தம் வந்தது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம். லயத்தைப் பற்றி ஒன்றும் பேசாத முதல் சம்பந்தம் அது. அம்மா கந்த சஷ்டிக்குக்கூட அப்படி வீட்டைக் கழுவியதில்லை. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அத்தையும் வந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சாவதானமாகக் கேட்டார்.

"பொண்ணோட வீட்டுக்காரரு எங்கங்க, வெளியூரா?"

அம்மாவுக்கு விளங்கவில்லை. "மாப்பிள்ளை இந்தா உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காரு!"

"இவரு ரெண்டாவதுங்க. நான் மொதல் ஆளைக் கேக்குறேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து சுருட்டி வைத்திருந்த ஒரு போஸ்டரை எடுத்து, முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு விரித்தார். ஐயோ சாமி! அட்டியல், நெற்றிச்சுட்டி சகிதம் நான். கழுத்தில் கம்ப்யூட்டரில் போட்ட மாலை. பக்கத்தில் கோட்டும் டையுமாக ஒரு மீசைக்காரர், அவருக்கும் மாலை. அவர் தலை என் தலையைப்போல் ஒன்றரை மடங்கு. மேலே பெரிய எழுத்தில், 'எங்களைச் சேர்த்து வைத்தது இணையம்! மலையகத்தின் மகிழ்ச்சியான ஜோடி.'

பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. லயத்தில் சுவர் பேருக்குத்தான். அந்த வரிசையே மூச்சுவிடாமல் கேட்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ராஜி, இது நீயா புள்ள?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்கக் கூடாத வசனத்தைப் பேசினேன். "நான்தாம்ப்பா. ஆனா அவரு யாருன்னு எனக்குத் தெரியாது!"

அத்தை வாயில் கை வைத்தார். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கம்ப்யூட்டர், நிமல் அய்யா, இலவசம், பெட்டி, பிஸ்கட் டின். பேசப் பேச ஆழம் கூடிக்கொண்டே போனது. கல்யாணம் ஆனவள் இல்லை என்று நிரூபிக்கப் போய், மாப்பிள்ளை தேடித் தன் படத்தைத் தானே கொடுத்தவள் என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"அப்போ பொண்ணே தன்னைக் கொண்டுபோய்க் கடையில வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்தார். மாப்பிள்ளை தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார், இரண்டு முறுக்கையும் கையில் எடுத்துக்கொண்டார். போஸ்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா திட்டவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார், அவ்வளவுதான். மறுநாள் கோயில் கமிட்டிக்குப் போனவரிடம் எவனோ "மருமகன் எப்படி இருக்காருங்க?" என்று கேட்டிருக்கிறான். அப்பா அதோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். நாற்பது வருஷம் ஸ்டோரில் தலை நிமிர்ந்து நின்ற மனிதர் என்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பத்து ஆளுக்குப் பங்கு வைக்கிற அளவு கோபம்.

முதல் பங்கு நிமல் அய்யாவுக்கு. அவர் பயந்துபோய் அந்தச் சம்மதப் பெட்டிக்குப் பின்னால் இருந்ததை அச்செடுத்துக் கொடுத்தார். பதினொரு பக்கம்! அத்தனையும் பொடி இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. உறுப்பினர் தரும் படத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், தேவைக்கேற்ப மாற்றியமைக்கலாம்.

கொழும்புக்குப் போன் போட்டேன். தேன் வடிகிற குரலில் ஒரு பெண் பேசினாள்.

"மிஸ், நீங்க அக்ரீ பண்ணியிருக்கீங்க."

"மாத்தியமைக்கலாம்னா, கேக்காம கட்டி வைக்கிறதும் அதுல அடக்கமாம்மா?"

"அது டிசைன் மட்டும்தான் மிஸ்."

"உங்க டிசைன்ல தீயை வைக்க! எங்கப்பா ஒரு வாரமா வெளிய போகல!"

"உங்க கருத்துக்கு நன்றி மிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டினால்கூட நன்றி சொல்கிற ஜாதியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இப்போது நாடு முழுக்க அவர்கள்தான்.

அடுத்தது நுவரெலியாவில், வாங்கிய பொருளில் குறை இருந்தால் முறைப்பாடு எடுக்கிற ஒரு அரசாங்கக் கந்தோர். அங்கே யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர். நல்ல மனிதர், கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, காசு கட்டின ரசீது இருக்கோ?"

"இலவசம்னு போட்டிருந்தாங்க சார்."

"இலவசமெண்டால் நீங்கள் பாவனையாளர் எண்டதுக்குள்ள வரமாட்டியள். வாங்கினால்தான் பாவனையாளர்."

"என் மூஞ்சியைக் குடுத்திருக்கேனே சார், அது காசு இல்லையா?"

அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உங்கட கோவம் நியாயம்தான். ஆனா அதை எழுத இதில இடமில்லை."

இடம் இல்லையா? நானே இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

அந்தப் போஸ்டர் ரோட்டோரச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை தடித்த கறுப்பு மார்க்கரோடு ஹட்டனில் இறங்கினேன். முதல் போஸ்டரைக் கிழிக்கப் பார்த்தேன். என்ன பசை போட்டு ஒட்டினார்களோ, மீசைக்காரர் மட்டும் உரிந்து வந்தார். மாலையும் கழுத்துமாக நான் மட்டும் சுவரில் சிரித்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் கேவலமாக இருந்தது. (அந்த ஆளும் பாவம். எந்தப் பெண் வீட்டு முறுக்குத் தட்டுக்கு முன்னால் மாட்டினாரோ!) அதனால் கிழிப்பதை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். 'பொய்' என்று என் நெற்றியிலேயே பெரிதாக எழுதினேன். கொழும்பு ரோட்டில் பஸ்ஸில் ஏறுவது, போஸ்டரைக் கண்டால் இறங்குவது, எழுதுவது, அடுத்த பஸ்ஸில் ஏறுவது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பஸ்ஸுக்குள்ளிருந்து டீச்சர், டீச்சர் என்று கும்பிட்டார்கள். நானும் மார்க்கரோடு கும்பிட்டேன்.

கினிகத்தேனை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மார்க்கர் தீர்ந்துவிட்டது. அங்கே டைம்கீப்பர் கூண்டின் பக்கச் சுவரில் என் கல்யாணம். உள்ளே இருந்தவரைப் பிடித்து உலுக்கினேன்.

"யாருங்க இதை இங்க ஒட்டச் சொன்னது?"

"போஸ்டர் ஒட்டாதீங்கன்னு போர்டு எழுதித் தொங்கவிட்டிருந்தேங்க டீச்சர்," என்றார் அவர். "அதுக்கு மேலேயே ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

"பேனா குடுங்க!"

கொடுத்தார். வெறும் பால்பாயின்ட் பேனா. படத்தின் மேல் எழுதினால் பிடிக்கவில்லை. அடியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. குந்தி உட்கார்ந்து பொடி எழுத்தில் எழுதினேன். 'இந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்தில் இருப்பவரை அவளுக்குத் தெரியாது. சொந்த வீடு என்று அவள் சொன்னதும் பொய், லயம்தான். மற்றப் பொய் எல்லாம் கம்பெனியுடையது. இப்படிக்கு, படத்தில் இருக்கும் பெண்.'

டைம்கீப்பர் கூண்டை விட்டு வெளியே வந்தார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். நோட்டன் பிரிட்ஜ் பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிக் கத்துகிறார். இவர் படித்து முடிக்காமல் பஸ்ஸை விடவில்லை.

"விளங்குச்சுங்க டீச்சர்," என்றார். நான் பேனாவை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த டைம்கீப்பர் விசாரித்துக்கொண்டு அவருடைய அம்மாவோடு எங்கள் லயத்துக்கு வந்தார். அப்பாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"தம்பி, அந்தப் போஸ்டரைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்தேங்க. கீழ வரைக்கும் படிச்சேன்."

அப்பா அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் கமிட்டிக்குப் போனார்.

அந்தக் கம்பெனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. அந்த அத்தை விட்டுப்போன போஸ்டர் எங்கள் அலமாரியில் இருக்கிறது. மீசைக்காரரை என் பிள்ளைகள் பெரியப்பா என்கிறார்கள்.

போன மாதம் பாங்கில், நான் ஏழாம் பக்கத்தில் இருக்கும்போது, கவுன்டரில் இருந்த பொடியன் பொறுக்க முடியாமல் சொன்னான். "மேடம், இதையெல்லாம் யாருமே படிக்க மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நான் ஒருத்தன் படிச்சேன் தம்பி. அதுக்குக் கெடைச்சதுதான் இந்த அம்மா."