வெள்ளைப் பெட்ரோல் காபி

"வெளிநாட்டு ஸ்டவ்வு. நம்மூரு செவப்புப் பெட்ரோலு இதுக்கு ஆவாது. வெள்ளைப் பெட்ரோல்தான் ஊத்தணும்" என்றான் சூப்பர்வைசர் முனிராஜ்.

சித்தேரி மலைச் சாலை வேலையில் மண் சுமக்கும் செல்லி கூடையை இறக்கினாள். "அது எங்கீங்க கெடைக்குது?"

"அரூர்ல எவனுக்கும் பேரே தெரியல. நானே வெளுக்க வெக்கறேன் பாரு."

பதினொரு மணிக்குப் பெரிய இன்ஜினியர் வருகிறார். முனிராஜை அரூர் ஆபீசுக்கு, மின்விசிறிக்கு அடியில், மாற்றுவது அவர் கையில் இருந்தது. காபி கொடுத்து அசத்த வேண்டும். கூலியாட்களின் மூன்று கல் அடுப்பில் போட்டால் மரியாதை என்னாவது? மண்வெட்டி பிடிக்காத கைக்கு மரியாதைதான் பெரிய சுமை.

கரியை இடித்துப் பெட்ரோலில் கலக்கினான். சிவப்பு கறுப்பானது.

"நல்லா வெளுத்திருச்சுங்க" என்றாள் செல்லி.

கரியைப் பிரிக்க, பையில் வைத்திருந்த புது வேட்டியில் வடிகட்டினான். வேட்டிதான் கறுத்தது. வடிந்ததை ஸ்டவ்வில் ஊற்றிப் பம்ப் அடித்தான். கரித்தூள் துளையை அடைத்தது. இன்னும் அடித்தான். தீக்குச்சியைக் காட்டியதும் பக்கென்று எழுந்த தீ, பாதி மீசையையும் முழு வேட்டியையும் தின்றது. செல்லி ஒரு கூடை மண்ணைக் கொட்டினாள். தீ அணைந்தது. காபிக்கு வைத்திருந்த பாலும் மண்ணாய்ப் போனது.

கீழே ஜீப் உறுமியது.

"செல்லி, உன் அடுப்புல என்ன இருக்குது?"

"வெல்லம் போட்ட வரக்காப்பிங்க. நீங்கதான் தொடமாட்டீங்களே."

"குடும்மா தாயி. வாயத் தொறந்துராத."

துண்டால் மீசையை மறைத்துக்கொண்டு, துடைத்த ஸ்டவ்வின் பக்கத்தில் நின்று எவர்சில்வர் டம்ளரை நீட்டினான்.

இன்ஜினியர் குடித்தார். "பிரமாதம். இதுலயா போட்டீங்க?"

"ஆமாங்கய்யா. வெறகே வேண்டாம். எந்த மலைக்கும் தூக்கிட்டுப் போலாம்."

"மழையில?"

"புயல்லகூடப் போடுவேனுங்க."

இன்ஜினியர் பையிலிருந்து மாற்றல் உத்தரவுக் காகிதத்தை எடுத்தார். ஒரு வரியை அடித்து, மேலே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, சாலையைப் பார்க்க நடந்தார். முனிராஜ் அதைப் பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அரூர் ஆபீசுதானே?" என்றான் ஜீப் டிரைவர் அருள்சாமியிடம்.

"டைப் அடிச்சப்ப அரூருதாங்க. உச்சிக் காட்டுல ஆறு மாசம் சர்வே, வெறகு எரிச்சா பாரஸ்டுக்காரன் வுடமாட்டான், வெறகில்லாம பொங்கித் திங்கற ஆளு எங்கடா கெடைப்பான்னு அய்யா வழியெல்லாம் பொலம்பிட்டே வந்தாருங்க."