எண்ணெய் தேய்த்துக் குளித்த கார்

கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்களிடமிருந்து ஒரு பொருளைக் காப்பாற்றிவிடலாம். ஒரு பூட்டு போதும். நல்லது செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். அவர்களிடம் சாவியும் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமாகி மதுரையிலிருந்து டெல்லி ஜனக்புரிக்கு வந்தேன். கணவருக்கு வங்கியில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுகிற தமிழில் பாதி இந்தி. எனக்கு இந்தியில் தெரிந்தது 'நஹி' ஒன்றுதான். காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காயைக் கைகாட்டி வாங்குவேன். (வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பாதி நாள் டிண்டா என்கிற வடநாட்டுக் காய் இருக்கும்.) பகல் முழுக்க பேச ஆளில்லாமல் பால்கனியில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னை ரயிலேற்றிவிட்ட அன்று, மதுரையில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா ஜன்னல் பக்கம் குனிந்து சொல்லியிருந்தார். "ஏத்தா, ஊரு ஒத்துக்கலைன்னா ஒரு போன் போடு. அடுத்த வண்டியில வந்து கூட்டிட்டு வந்துர்றேன்." அந்த ஒரு போனைப் போட்டுவிடக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த காலம் அது.

தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. (டெல்லிக்காரர்களுக்குத் தீபாவளி நமக்கு மறுநாள்தான். நம் நரகாசுரனுக்காக வங்கியை மூடுவார்களா என்ன?) அதனால் அப்பாவும் அம்மாவுமே சீரோடு வருவதாக ஏற்பாடு. சீர் ஒரு சாக்கு. அப்பா என் முகத்தைப் பார்க்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அவர் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது காட்டியாக வேண்டும். என் இந்தியைக் காட்ட முடியாது. என்னிடம் இருந்தது கார் ஒன்றுதான்.

புத்தம் புதிய சின்னக் கார், நல்ல சிவப்பு. பெயிண்டுக்கு மேல் தனியாக ஒரு கோட்டிங் வேறு போட்டுக் கொண்டுவந்திருந்தார் கணவர். வெயில், தூசி, புறா எச்சம் எதுவும் அண்டாதாம். அந்தக் கோட்டிங் கெட்டுவிடப் போகிறதே என்று ஆபீசுக்கு சார்ட்டர்ட் பஸ்ஸில் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை நிழலில் நிறுத்தி, அதற்கென்று இருக்கும் ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, மெத்தென்ற துணியால் பட்டும் படாமலும் கழுவி, ஈரம் தானாகக் காய்வதற்குள் ஒற்றி எடுப்பார். எனக்கும் பாடம் நடக்கும்.

"வெயில்ல கழுவக் கூடாது. சோப்புத் தூள் படவே கூடாது. அழுத்தித் தேய்க்கக் கூடாது. நம்ம நான்ஸ்டிக் தவா இருக்குல்ல? கிட்டத்தட்ட அந்த மாதிரி கோட்டிங்தான் இதுவும். சம்ஜீ?"

அந்தத் தவா விஷயத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தீபாவளிக்கு முதல் நாள். கார் மேல் ஒரு விரல் தூசி. ஷாம்பூ தீர்ந்திருந்தது. "வர்றப்ப வாங்கிட்டு வரேன், சாயங்காலம் கழுவிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தவா என்றால் எனக்குத் தெரியாததா? தோசைக்கல்லைச் சோப்பு போட்டுத் தேய்க்கிறோமா? எண்ணெய் தடவி வைத்தால்தானே கல் பழகும்? அதோடு விடிந்தால் தீபாவளி. வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல், காருக்கு மட்டும் ஏன் கிடையாது? சோப்புத் தூள்தானே ஆகாது, சீயக்காய் என்ன சோப்பா? அப்பா கடையில் அரைத்துக் கொடுத்தனுப்பிய சீயக்காய் டப்பா நிறைய இருந்தது. என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

நல்லெண்ணெயை லேசாகச் சூடுகாட்டினேன். (ஜலதோஷம் பிடித்துவிட்டால்?) பழைய வேட்டித் துணியில் தொட்டு, தோசை வார்ப்பதுபோல் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகக் கார் முழுக்கத் தேய்த்தேன். ஊறட்டும் என்று வெயிலில் விட்டுவிட்டுக் காபி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், அபிஷேகம் முடிந்த சாமி மாதிரி மினுமினுவென்று நின்றது. அப்போதே ஏறக்கட்டியிருக்க வேண்டும்.

சீயக்காயைக் குழைத்து அப்பினேன். அழுத்தக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது, ஆனால் எண்ணெய் போனால்தானே? அழுத்தினேன். அலசுவதற்குக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வந்தது. மதியம் தண்ணீர் வராது. தொட்டியில் இருந்ததையும் நான் ஏற்கெனவே காலி செய்திருந்தேன். பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு வெள்ளையடிக்கப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூள் முழுவதும் பறந்து வந்து எங்கள் கார் மேல் உட்கார்ந்தது. கோட்டிங்கில் எதுவும் ஒட்டாது, வாஸ்தவம். எண்ணெயில் எல்லாம் ஒட்டும். தெருப் பிள்ளைகள் வெடித்த பட்டாசுக் காகிதமும் வந்து ஒட்டியது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஹாய் ராம்! பேட்டி, யே க்யா ஹை?" என்று, இது என்ன கூத்து என்கிற முகத்தோடு அலறினார்.

"நஹி" என்றேன்.

சாயங்காலம் கணவர் ஷாம்பூ பாட்டிலோடு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மோந்து பார்த்தார்.

"செல்வி, இது என்ன?"

"சீயக்காய்ங்க."

"அதுக்கு அடியில?"

"நல்லெண்ணெய்."

பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன். திட்டாததால் ஓவென்று அழுதேன். அழுகையோடு அழுகையாக, அப்பா சொன்ன அந்த போன் கதையையும் கொட்டிவிட்டேன். "வந்து இதைப் பாத்தாருன்னா, இவளுக்கு இங்க ஒண்ணும் சரியில்லைன்னு கூட்டிட்டுப் போயிருவாருங்க." இத்தனை மாதமாக எனக்குள்ளேயே வைத்திருந்தது அன்றைக்கு சீயக்காய்க் கையோடு வெளியே வந்தது.

அவர் ஷாம்பூ பாட்டிலை மறுபடி கையில் எடுத்தார். பிறகு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "தண்ணி வந்துடுச்சு, சலோ" என்றார். இரண்டு பேருமாகக் கழுவினோம். அழுக்கு போயிற்று. அதற்கு அடியில், பானெட் முதல் டிக்கி வரை, சீயக்காய் கீறிய வட்டங்கள். ஒவ்வொன்றும் அளவெடுத்து வார்த்த தோசை.

மறுநாள் காலை ஸ்டேஷனில் அப்பா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முதலில் என் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கிய முகம். அடுத்து காரைப் பார்த்தார். கதவு இடுக்கில் விரலை விட்டு எடுத்து மோந்தார்.

"மாப்பிள்ளை, இது நம்ம கடைச் சீயக்காய்தானே?"

நான் மூட்டையைத் தூக்கப் போவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆமா மாமா. நான்தான் தேய்ச்சேன்" என்றார் கணவர். "சோப்பு ஆகாதுன்னாங்க. செல்வி வேணாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கலை. அதுல ரெண்டு பேருக்கும் சண்டை. நைட்டெல்லாம் அழுதுட்டா."

"அப்படிங்களா?" அப்பா தலையை ஆட்டினார். "எண்ணெயைச் சூடு காட்டுனீங்களா?"

கணவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஆமென்றேன். "காட்டினேன் மாமா. தோடா சா. லேசா."

அப்பா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அம்மாவிடம் கேட்டார். "ஏய், இவ ஆறாப்பு படிக்கிறப்ப ஒரு தீபாவளிக்கு என் சைக்கிளுக்கு எண்ணெய் தேய்ச்சுச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுனாளே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அதை இழுக்குறீங்க?" என்றாள் அம்மா.

கணவரின் காது இரண்டும் சிவந்துபோயின. சிக்னலில் வண்டி நின்றபோது முதலில் சிரித்தது அப்பாதான். சிரிப்பு அடங்க ஜனக்புரி வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பும்போது அதே ரயில் ஜன்னல். இந்தத் தடவை அப்பா உள்ளே, நான் வெளியே. "ஏத்தா, நான் முன்னாடி ஒரு போன் சொன்னேன்ல," என்றார், "அதை மறந்துரு." ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார்.

அந்தக் கார் போய் அடுத்த கார் வந்து, அதுவும் போய்விட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் விடிந்ததும் மதுரையிலிருந்து போன் வருகிறது. "மாப்பிள்ளை, காருக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா?" என்பார் அப்பா. "ஆச்சு மாமா, ஊறிட்டிருக்கு" என்பார் இவர். பிறகு காரிலிருந்து வெங்காய விலைவரை பேச்சு போகும். நான் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். போன் என் கைக்கு வருவதற்குள் இருவரும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறார்கள்.